புழுவுக்காக விலகிய நங்கூரம்

போன மார்ச் மாதம் எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் ஒரு அட்டை கிடந்தது. எரிவாயு நிறுவனம் அனுப்பியது. மூலையில் ஒரு மஞ்சள் வட்டம். அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பாருங்கள், இந்த வாடை வீட்டுக்குள் எப்போதாவது வந்தால் விளக்கைக்கூடத் தொடாமல் வெளியே போய்விடுங்கள் என்று எழுதியிருந்தது. ஹூஸ்டனுக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாற்றத்தை மாதிரிக்கு முகர்ந்து பார்க்கச் சொல்லி வீடு வீடாக அனுப்புவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சுரண்டினேன். அழுகிய முட்டை. எனக்கு நன்றாகப் பழகிய வாடை. அப்போது பக்கத்து வீட்டு லிண்டா அம்மாளும் அதே அட்டையோடு வேலியருகே வந்து மூக்கைச் சுளித்தார். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எனக்கு இது என் வேலையின் வாசனை" என்றேன். அவர் அட்டையை மடித்துக்கொண்டார். பிறகு, "யாராவது செய்யத்தானே வேண்டும் அம்மா, வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். நான் சாக்கடைத் துறையில் இருப்பதாக நினைத்துவிட்டார் என்பது உள்ளே வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. திருத்தப் போகவில்லை. அதற்கெல்லாம் இப்போது தெம்பில்லை. அன்றிலிருந்து அவர் கேக் கொடுத்தால் காகிதத் தட்டில் கொடுக்கிறார், தட்டைத் திரும்பக் கேட்பதில்லை.

என் வேலை மெக்சிகோ வளைகுடாவில், ஒரு ஆய்வுக் கப்பலில். நான்கு வாரம் கடல், நான்கு வாரம் வீடு. கப்பலிலிருந்து கேமரா பொருத்திய ஒரு ரோபோ வாகனத்தைக் கம்பிவடத்தில் கட்டிக் கடலடிக்கு இறக்குவார்கள். மேல்தளத்தில் ஒரு கண்டெய்னர் அறையில் உட்கார்ந்து பைலட் அதை ஓட்டுவார். அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. கேமரா காட்டுவதை நேரம் போட்டு, ஆழம் போட்டு, ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஊரில் இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். உண்மையில் பன்னிரண்டு மணி நேரம் சேற்றைப் பார்க்கும் வேலை. சேறு. சேறு. நண்டு ஒன்று. சேறு. யாரோ குடித்துவிட்டு எறிந்த பீர் டின். சேறு. ஷிப்ட் முடிந்து படுக்கையில் கண்ணை மூடினால் சாம்பல் நிறத்தில் சேறு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனால் சில இடங்களில் கடலடி வெடித்திருக்கும். அடியில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் யாரும் துளை போடாமல் தாமாகவே அந்த வெடிப்பு வழியே கசியும். வெயில் ஒரு பொட்டுக்கூட எட்டாத, ஐஸ்பெட்டித் தண்ணீர் போலக் குளிர்ந்த அந்த ஆழத்தில், கசிவைச் சுற்றி மட்டும் ஒரு குடியிருப்பு இருக்கும். மட்டிகள், வெள்ளைப் பாசி போன்ற நுண்ணுயிர்ப் படலம், அவற்றுக்கு நடுவே புதர்போல் நூற்றுக்கணக்கில் குழாய்ப்புழுக்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குக்கூட வளரும். வெளியே தெரிவது வெளிறிய குழாய். அதன் நுனியில் கோழிக்கொண்டை நிறத்தில் ஒரு செந்நிறக் குஞ்சம். அதுதான் அதற்கு மூச்சு. அதற்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. சேற்றுக்குள் வேர்போல் இறங்கியிருக்கும் பகுதியால், வாகனத்தில் ஒட்டி மேலே வரும் சேற்றில் எங்களுக்கு அடிக்கும் அந்த முட்டை நாற்ற வாயுவை உறிஞ்சி, உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்குக் கொடுக்கும். அவை சமைத்துப் போடுவதில் இது உயிர் வாழும். குஞ்சாக இருக்கும்போது கொஞ்ச காலம் நீந்தித் திரியும். ஓரிடத்தில் ஒட்டிய பிறகு அசையவே அசையாது. வளர்வதும் அவ்வளவு மெல்ல. பெரிய புழுவுக்கு இருநூறு வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். நான் திரையில் பார்த்த சில புழுக்கள் நம்மூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வரி வசூலித்த காலத்தில் அங்கே வந்து ஒட்டியவையாக இருக்கலாம். இந்த வளைகுடாவில் இத்தகைய கூட்டம் இருக்கும் இடத்தில் எண்ணெய் எடுக்க வருகிறவர்கள் நங்கூரம் போடக் கூடாது, குழாய் பதிக்கக் கூடாது. தள்ளிப் போக வேண்டும். புழு இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்லத்தான் எங்கள் கப்பல்.

நான் பிறந்தது நெய்வேலி நகரியத்தில், எண் போட்ட ஒரு பிளாக்கில், எண் போட்ட ஒரு குவார்ட்டர்ஸில். அப்பா முருகேசன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரத்தில் ஆபரேட்டர், பெர்மனென்ட். அம்மா உள்ளூர்க்காரி. வளையமாதேவிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சுரங்கத்தை எப்போதும் தூரத்துச் சத்தமாக மட்டும் கேட்டு வளர்ந்தவள். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலி, கோயம்புத்தூர், ஆந்திரா, கேரளா என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். யாருக்கும் அது சொந்த ஊரில்லை, ஆனால் எல்லோருக்கும் சாலை நிழலும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் இருந்தன. விடுமுறைக்கு அம்மாவின் ஊருக்குப் போனால் எனக்கு இரண்டு நாளில் சலித்துவிடும். ஒருமுறை அப்பா சுரங்கத்திலிருந்து லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஈரமாக, கரும்பழுப்பாக, மரத்தின் ரேகைகூட அழியாமல் இருந்தது. காய்ந்ததும் வெடித்து ஏடு ஏடாக உதிர்ந்தது. அதைப் பெருக்கித் தள்ளும்போதுதான் நிலவியல் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் சிதம்பரம், அப்படித்தான் சென்னை, கல்யாணமாகிக் கணவர் சேகரின் வேலையோடு அமெரிக்கா.

கப்பலில் எங்கள் குழுவுக்குத் தலைவர் ராய். மிசிசிப்பிக்காரர், ஐம்பத்தெட்டு வயது, முட்டிவலி. என் முதல் பயணத்தில் சாப்பாட்டு மேசையில், "உன் அப்பாவும் எண்ணெய் வேலையா?" என்று கேட்டார். "இல்லை, நிலக்கரி. பிரவுன்" என்றேன். பழுப்பு நிலக்கரிக்கு ஆங்கிலத்தில் அப்படித்தான் பெயர். ராய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இங்கே யாரையும் நாங்கள் நிறத்தைச் சொல்லிப் பேசுவதில்லை, மெக். யாராவது உன்னிடம் அப்படிப் பேசினால் என்னிடம் சொல்" என்றார். மேகலா என்ற என் பெயரை அவர்கள் அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர். நான் நிலக்கரியின் நிறத்தைச் சொன்னேன் என்று விளக்குவதற்குள் அவருக்கு வாக்கி-டாக்கியில் அழைப்பு வந்துவிட்டது.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். வேலை இருக்கும்வரை வீடு. ராமநாதபுரத்தில் அப்பாவுக்கு ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவின் தம்பி தணிகாசலம் மாமா தன் நிலத்தை ஒட்டி இடம் விட்டார், அங்கே இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டார்கள். மாமா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு ஏக்கரில் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது நான் கடலில் இருந்தேன். கரைக்கு ஹெலிகாப்டர் கிடைத்து, விமானம் மாறி மாறி வந்து சேர்வதற்குள் இரண்டு நாள் தாமதம். மாமாவின் கொல்லை மூலையில், வேப்பமரத்துக்குக் கிழக்கே, அடக்கம் முடிந்து பால் தெளித்தும் ஆகிவிட்டது. ஈரம் காயாத மண்மேட்டைத்தான் பார்த்தேன். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

போன ஆண்டு அந்த நிலமும் சுரங்கத்துக்குள் வந்தது. அது யாரும் எதிர்பாராததல்ல. பல ஆண்டுகளாகப் பேச்சு இருந்தது. ஆனாலும் பேச்சு வேறு, ஆள் வந்து நிற்பது வேறு. கணக்கெடுக்க ஒரு இளைஞர் காகிதங்களோடு வந்ததை அம்மா போனில் சொன்னாள். வீடு ஒன்று, கிணறு ஒன்று, தென்னை இரண்டு, வேம்பு ஒன்று என்று எழுதிக்கொண்டே வந்தாராம். அம்மா மண்மேட்டைக் காட்டினாளாம்.

"அந்தப் புள்ள செருப்பக் கழட்டிட்டு நின்னுச்சு மேகலா. மரியாதியாத்தான் நின்னுச்சு. ஆனா எழுதல. 'இதுக்கு இதுல எடமில்லீங்கம்மா'ன்னுச்சு. அதும் என்னா பண்ணும், அது கையில குடுத்த காயிதம் அப்புடி."

அப்பாவைத் தோண்டி எடுத்து வேறிடம் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் மாமியின் தம்பி தன் கரும்பு வயலோரத்தில் ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருந்தார். நிலத்தை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எடுப்பது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "போன வாட்டிதான் வர முடியல. இந்த வாட்டியாச்சும் வந்து நில்லு. நீ ஒருத்திதான அவுருக்கு." தகப்பனின் அடக்கத்துக்கு இரண்டாம் முறை யாருக்கும் வாய்ப்பு வருவதில்லை. எனக்கு வந்தது. கப்பலிலிருந்து இறங்கும் நாளுக்கு மறுநாளே விமானச் சீட்டு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே ஊரில் இருப்பேன்.

இறங்கும் தேதி எந்தக் காரணத்துக்கும் தள்ளிப் போகக் கூடாது என்று ராயிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "என் அப்பாவை இடம் மாற்றுகிறார்கள். நான் இருக்க வேண்டும்."

ராயின் முகம் இளகியது. "வயதான காலத்தில் இடம் மாறுவது கஷ்டம். என் அம்மாவை மாற்றியபோது ஒரு மாதம் அழுதாள். நல்ல இடமா? பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?"

"கரும்புத் தோட்டம்" என்றேன்.

"அப்படியா, திறந்தவெளி. நல்லது. இப்போது அவருக்கு என்ன வயது?"

"இறந்து எட்டு வருடம் ஆகிறது" என்றேன். ராய் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "தேதி தள்ளாது, என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயணத்தில் எங்கள் வேலை, எண்ணெய் எடுக்கும் ஒரு துளைமேடையை நிறுத்துவதற்கான எட்டு நங்கூர இடங்களைப் பார்த்து முடிப்பது. ஏழு இடங்களில் வெறும் சேறு. எட்டாவது இடம் கடைசி நாளுக்கு முந்திய நாள் பிற்பகலில் வந்தது. வாகனத்தை ஓட்டியவர் ஹூன். பிலிப்பைன்ஸ்காரர், அதிகம் பேசமாட்டார், ஆறு வாரமாகக் கப்பலில் இருக்கிறார். சேற்றில் முதலில் வெள்ளைப் படலம் தெரிந்தது. பிறகு மட்டி ஓடுகள். பிறகு மேலே வந்துகொண்டிருந்த குமிழிகள் சில. அடுத்த நிமிடம் வெளிச்சத்தில் அந்தப் புதர் வந்து நின்றது. குழாய்கள், ஒன்றோடொன்று பின்னி, ஒரு சிறிய வீட்டின் அகலத்துக்கு. வாகனத்தின் விசிறிகள் கிளப்பிய சேறு திரையை மூடியது. கொஞ்சம் தெளிந்தபோது குழாய்கள் மட்டும்தான் தெரிந்தன. நுனியில் சிவப்பு இல்லை.

ராய் பின்னால் வந்து நின்றார். எங்கள் மூவருக்கும் ஒரே கணக்குதான் ஓடியது. உயிருள்ள கூட்டம் என்று பதிந்தால் நங்கூரத்தை நகர்த்த வேண்டும். புதிய இடத்தைப் பார்க்க வேண்டும், போகும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை கப்பல் கரை திரும்பாது. எனக்குப் பதிலாக வேறு ஆளைக் கரையிலிருந்து கொண்டுவர அந்த வாரம் ஹெலிகாப்டர் இல்லை.

"காலிக் குழாய்கள்" என்றார் ராய், மெதுவாக. "செத்துப் போனவை. இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். 'பழைய குழாய்கள், சிதறலாக' என்று போடு மெக். அதில் பொய் ஒன்றுமில்லை, நீ பார்த்தது அதைத்தான். உன் அப்பாவிடம் போ." அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், எனக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும்.

நான் விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்ன வரியைத் தட்டச்சு செய்யத்தான் நினைத்தேன். முதல் சொல்லை அடித்தும் விட்டேன். அப்போது ஹூன் விசிறிகளை நிறுத்தினார். வாகனம் சேற்றில் மெல்ல உட்கார்ந்தது. "கொஞ்சம் பொறுங்கள்" என்றார் அவர். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். பத்து நிமிடம் போல மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சேறு படிந்தது. முதலில் ஒரு குழாயின் நுனியில் சிவப்பு எட்டிப் பார்த்தது. தயங்கி உள்ளே போய் மறுபடி வந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. புதர் முழுக்கச் செந்நிறக் குஞ்சங்கள் விரிந்து நின்றன, பயம் தெளிந்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வாசலுக்கு வருவதுபோல.

நான் பெரிய மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அந்த நேரம் புழுக்கள்மேல் ஆத்திரம்தான் வந்தது. இன்னும் ஒரு கால்மணி நேரம் உள்ளேயே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆனால் கண்ணெதிரே நிற்பதை எழுதாமல் விட என் கை ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்மேட்டருகே நின்ற அந்த இளைஞர் நினைவுக்கு வந்தார். அவருடைய காகிதத்தில் அதற்கு இடமில்லை. என்னுடையதில் இருந்தது. அடித்த சொல்லை அழித்துவிட்டு எழுதினேன்: குழாய்ப்புழுக் கூட்டம், அடர்த்தியானது, உயிருள்ளது. ராய் அதைப் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார். கப்பலில் எல்லோருக்கும் வீடு போகும் நாள் தள்ளிப்போயிருந்தது, அன்று சாப்பாட்டு மேசையில் எங்கள் மூவருக்கும் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் காலை, ஊரில் மாலை நேரம், அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா கேட்டுவிட்டு, "சரி" என்றாள். போனை மாமாவிடம் கொடுத்துவிட்டாள். ஏன் தாமதம் என்று மாமா கேட்டார். கப்பல் பழுது என்று சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சொன்னேன்.

"புழுவா?"

"ஆமா மாமா. அது இருக்குற எடத்துல நங்கூரம் போடக் கூடாது. தள்ளிப் போடணும், சட்டம்."

"கவுருமெண்டு சட்டமா?"

"ஆமா."

மறுமுனையில் கன்வேயர் சத்தமா காற்றா தெரியவில்லை, ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது. மாமா நிதானமாகக் கேட்டார். "ஏன் பாப்பா, அதுங்களுக்குப் பட்டா யாரு பேர்ல இருக்குது?"

மாமாவே சிரித்துவிட்டார். "சும்மா கேட்டேன், மனசுல வச்சுக்காத. நீ எழுதுனது நாயந்தான். இங்க நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் புதிய இடத்துக்கான வழியில் சேறு என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் அது விடிகாலையில் நடந்து முடிந்திருந்தது. நங்கூரம் கடைசியில் புழுக்களிடமிருந்து நல்ல தொலைவு தள்ளிப் போடப்பட்டது என்று பிறகு அறிந்தேன். ஹூன் இறங்கும்போது என் கையைக் குலுக்கினார். எட்டு வாரமாகியிருந்தது அவருக்கு.

நான் ஊர் சேர்ந்தது அந்த ஞாயிறு கழிந்து பதினோராவது நாள். அம்மா இப்போது நகரியத்தில் இருக்கிறாள். மாமாவின் மகனுக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் கிடைத்திருக்கிறது, அவன் குவார்ட்டர்ஸில். முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு விட்டுப் போன நகரியத்துக்கே விருந்தாளியாகத் திரும்பியிருக்கிறாள். நான் போன அன்று மாலை பால் வாங்கப் போனவள், பழக்கத்தில் நாங்கள் முன்பு இருந்த பிளாக்குக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டுக் கேட்டைத் திறந்துவிட்டாளாம். "அந்தப் பொண்ணு நல்லவ, காப்பி குடுத்து அனுப்புனா" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து, திரும்பாமலேயே கேட்டாள்.

"அந்தப் புழு உசுரோடதான் இருக்குதா?"

"இருக்குதும்மா."

"எத்தினி வருசமா இருக்குதுன்ன?"

"இருநூறு வருசத்துக்கு மேல இருக்கும்."

"அதுங்களாச்சும் இருக்கட்டும்" என்றாள். கோபமா மன்னிப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அன்று தட்டில் எனக்கு வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதலாக விழுந்தது.

மறுநாள் காலை மாமா வாடகை ஆட்டோ ஒன்றைப் பிடித்து எங்களை மேல்பட்டாம்பாக்கம் பக்கம் கூட்டிப்போனார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த மாமா, வரப்பில் இறங்கியதும் பேச்சைக் குறைத்துவிட்டார். கரும்பு ஆள் உயரத்துக்கு நின்றது. ஓரத்தில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரு சின்ன மண்மேடு. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. ஒரு குழந்தையைப் புதைத்ததுபோல் இருந்தது. மேலே ஒரு செங்கல், அதில் காய்ந்த சாமந்தி.

மாமா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல சொல்லல. அன்னிக்கு வெடியங்காட்டியும் நாலு பேரு வெட்டுனோம். எட்டு வருசம் ஆயிடிச்சு, அதுவும் களிமண்ணு. மண்ட ஓடு, கை எலும்பு கொஞ்சம், பல்லு ரெண்டு, அதான் தெளிவாக் கெடச்சுது. மீதியெல்லாம் மண்ணோட மண்ணா ஆயிட்டுது. எது உங்கப்பா, எது மண்ணுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. வெட்டிக்கினே போனா எதுவரைக்கும் வெட்டுறது? பொழுது வேற ஏறிக்கினு வருது. கையில கெடச்சத பானையில போட்டு எடுத்தாந்தேன்." அவர் குரல் இறங்கியது. "மீதி அங்கதான் இருக்குது. நீ இருந்திருந்தா கேட்டிருப்பேன், போதுமான்னு. அக்காவ கேட்டேன். அக்கா போதும்னுச்சு."

"ரெண்டு நாள்ல வேலிய போட்டுட்டாங்க" என்றாள் அம்மா. "அப்பறம் நான் போய்ப் பாக்கல."

முப்பது ஆண்டுகள் அப்பா எந்தச் சக்கரத்தை ஓட்டினாரோ அதே போன்ற சக்கரம் ஒருநாள் அந்த மூலைக்கும் வரும். மேல்மண்ணோடு மேல்மண்ணாக அவரையும் அள்ளும், பெல்ட்டில் போட்டு எங்கோ கொட்டும். அதை ஓட்டப்போவது வேறு ஊரிலிருந்து வேலை தேடி வந்த யாராவது ஒருவராக இருக்கும். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் வராது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் வராது. வேலைக்காரருக்கு வேலைக்காரரைத் தெரியும். நான் இருந்திருந்தால் இன்னும் ஒரு முழம் வெட்டச் சொல்லியிருப்பேனா? மாமாவிடம் "போதும் மாமா" என்று சொன்னேன், பதினோரு நாள் தாமதமாக. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எதற்காகவோ மன்னித்துவிட்டதுபோல் தலையை ஆட்டினார். மன்னிக்க வேண்டியவர் அவர்தான்.

மாமா செங்கல்மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். வடக்கே மேட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா அவர் பக்கத்தில் வந்து நிற்பாள் என்று நினைத்தேன். அவள் மேட்டுக்கு முதுகைக் காட்டித் தெற்கே திரும்பினாள். கரும்புக்கும் சாலைக்கும் நகரியத்துக்கும் அப்பால், வேலி போட்ட அந்த நிலம் இருக்கும் திசை. அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பி நின்றாள். யாரும் யாரையும் இந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லவில்லை. கற்பூரம் காற்றில் சாய்ந்து எரிந்தது. இருவருக்கும் நடுவில் நான் நின்றேன், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், வாய்க்காலைப் பார்த்துக் கைகூப்பியபடி. இடது தோள் பக்கம் அப்பா இருந்தார். வலது தோள் பக்கமும் அப்பா இருந்தார்.